பழி பேட்டரிக்கு, பிழை கேபிளில்

பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் சில மீட்டர் கேபிளின் பருமனில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள் வாகன உரிமையாளர்கள். பதிலுக்கு இழப்பது புது பேட்டரியின் விலை, ஒரு நாள் வாடகை, சில சமயம் வண்டியையே.

ஜனவரி மாத விடியற்காலை. வடதில்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் பனிமூட்டத்துக்குள் லாரிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு கிளம்புகின்றன. சில மட்டும் கிளம்புவதில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன. எஞ்சின் அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. பக்கத்து லாரியிலிருந்து ஜம்பர் கேபிள் கடன் வாங்கிக் கிளப்பியதும் வண்டி நேராகப் போவது பேட்டரி கடைக்கு. அங்கே தீர்ப்பு தயாராக இருக்கிறது: பேட்டரி 'வீக்'. லாரிக்கு 24 வோல்ட் என்பதால் ஒன்று போதாது, இரண்டு வாங்க வேண்டும். செலவு பல ஆயிரம் ரூபாய்.

புது பேட்டரி போட்டதும் வண்டி சட்டென்று கிளம்பும். தீர்ப்பு சரி என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் புது பேட்டரியின் தெம்பு பழைய கோளாறை மறைத்திருக்கும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு குளிர்காலத்துக்குள் மறுபடியும் அதே 'டக்'. அந்தக் கோளாறு பல வண்டிகளில் பேட்டரிக்குள்ளும் இல்லை, ஸ்டார்ட்டருக்குள்ளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கிரீஸும் புழுதியும் படிந்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் கேபிளில் இருக்கிறது.

வாகனத்தின் மற்ற எந்தக் கம்பியும் சுமக்காத பாரத்தை இந்தக் கேபிள் சுமக்கிறது. ஹெட்லைட்டுக்கு ஐந்து ஆம்பியர் போதும். சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. டீசல் ஜீப்புக்கும் பிக்அப் வண்டிக்கும் 250 வரை ஆகலாம். கனரக லாரிக்கு 24 வோல்ட்டிலேயே 500 ஆம்பியர் தேவைப்படலாம். அதுவும் எஞ்சின் சுற்ற ஆரம்பித்த பிறகுதான். மோட்டார் அசையாமல் நிற்கும் முதல் கணத்தில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு பாயும். எவ்வளவு நல்ல செம்பானாலும் மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கவே செய்யும். இத்தனை ஆம்பியர் பாயும் இடத்தில் அந்தக் 'கொஞ்சம்' கொஞ்சமாக இருப்பதில்லை.

கணக்கு எளிது

கேபிளின் பருமனைக் கண்ணால் பார்த்தோ, பழைய கேபிளை அளவுக்குக் காட்டியோ வாங்குவதுதான் பெரும்பாலான ஊர்களில் வழக்கம். இத்தனைக்கும் இதற்கான கணக்கு பள்ளிக்கூட பௌதிகத்தைத் தாண்டாதது. மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். ஸ்டார்ட்டர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது? கேபிளின் மொத்த நீளம் எவ்வளவு? வழியில் எத்தனை வோல்ட் போனால் பரவாயில்லை?

மூன்றாவது கேள்விக்கு வாகனப் பொறியாளர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த பதில் உண்டு. ஸ்டார்ட்டர் வழியில் 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது, 24 வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. இனி, ஆம்பியரை மீட்டர் கணக்கிலான நீளத்தால் பெருக்கி, அதைச் செம்பின் மின்தடை எண்ணான 0.0175-ஆல் பெருக்கி, அனுமதிக்கப்பட்ட வோல்ட் இழப்பால் வகுத்தால், தேவையான செம்பின் குறுக்குப் பரப்பு சதுர மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். கடைக்காரர்கள் '35 ஸ்கொயர்', '50 ஸ்கொயர்' என்று சொல்வது இந்தச் சதுர மில்லிமீட்டரைத்தான். கடையில் கிடைக்கும் அளவுகள் 16, 25, 35, 50, 70, 95 என்று போகும். விடை இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுக்க வேண்டும்.

ஒரு டீசல் பிக்அப்பை எடுத்துக்கொள்வோம். 250 ஆம்பியர், மொத்த நீளம் 3 மீட்டர், அரை வோல்ட் இழப்பு. கணக்குப்படி 26 சதுர மி.மீ. தேவை. ஆகவே 35 ஸ்கொயர் வாங்க வேண்டும். அங்கே 16 ஸ்கொயர் போட்டால் வழியிலேயே 0.82 வோல்ட் போய்விடும். 12-இல் 0.82 என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நேரத்தில் பேட்டரியே 10 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். அதிலிருந்து இன்னும் 0.8 போனால் மோட்டாருக்குக் கிடைப்பது 9 வோல்ட் சொச்சம். மோட்டாரின் சக்தி வோல்ட்டை விட வேகமாகக் குறையும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் சக்தி ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துவிடும்.

லாரிக்கும் இதே கணக்குதான். 500 ஆம்பியர், 5 மீட்டர், ஒரு வோல்ட். விடை 44, வாங்க வேண்டியது 50 ஸ்கொயர். பாதிப் பருமனுள்ள 25 ஸ்கொயர் போட்டால் இழப்பு 1.75 வோல்ட். அதை 500 ஆம்பியரால் பெருக்கினால் 875 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு அது. எஞ்சினைச் சுற்ற வேண்டிய சக்தி கேபிளைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கில் பெரும்பாலோர் தவறவிடுவது நீளத்தை. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும் மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். போன மின்சாரம் திரும்பி வரவும் வேண்டும். மைனஸ் முனையிலிருந்து சேசிஸுக்கோ எஞ்சினுக்கோ போகும் எர்த் கேபிள், லாரியானால் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் நடுக் கேபிள் ஆகிய எல்லாவற்றின் வழியாகவும் அதே 500 ஆம்பியர்தான் பாய்கிறது. பிளஸ் பக்கம் கட்டை விரல் பருமனில் கேபிள் போட்டுவிட்டு, எர்த் பக்கம் மெலிந்த கம்பியோடு நிறுத்திக்கொள்வது மெக்கானிக் ஷெட்களில் சகஜமாகப் பார்க்கக் கிடைக்கும் காட்சி. சங்கிலியின் பலம் அதன் மெலிந்த கண்ணியில்தான் என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

எர்த் கேபிள் மோசமானால் இன்னொரு வினோதமும் நடக்கும். மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உலோகத் தொடர்பு வேறெங்கே இருக்கிறதோ, அந்த வழியாகப் போகும். ஆக்சிலரேட்டர் கேபிளும் கிளட்ச் கேபிளும் காரணமே தெரியாமல் சூடேறி இறுகிப்போவது இதனால்தான். உரிமையாளர் கிளட்ச் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பார். காய்ந்துபோன எர்த் கேபிள் அது பாட்டுக்கு இருக்கும்.

குளிரும் வெயிலும்

இந்தியாவைப் போன்ற நாட்டில் ஒரே அளவு எல்லா ஊருக்கும் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. 2016 மே 19-ஆம் தேதி ராஜஸ்தானின் பலோடியில் வெப்பம் 51 டிகிரியைத் தொட்டது. கார்கிலை அடுத்த திராஸில் குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி ஆச்சரியமில்லை. ஒரே லாரி ஒரே வருடத்தில் இரண்டு ஊர்களுக்கும் போக நேரலாம்.

குளிரில் கேபிளுக்குப் பிரச்சினை இல்லை. சொல்லப்போனால் குளிர்ந்த செம்பு இன்னும் நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும். கைவிடுவது பேட்டரிதான். 27 டிகிரியில் முழுச் சக்தி தரும் ஈய-அமில பேட்டரி, உறைநிலையில் ஏறக்குறைய 65 சதவீதமும், மைனஸ் 18 டிகிரியில் 40 சதவீதமும்தான் தரும். எஞ்சின் ஆயில் பாகு போல இறுகியிருப்பதால் எஞ்சினைச் சுற்ற அதிகச் சக்தி தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். வரவு பாதி, செலவு இரட்டிப்பு என்ற நிலையில் கேபிளில் சிந்துவதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

லடாக் பாதையில் போகும் டிரைவர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். இரவு முழுவதும் எஞ்சினை அணைக்காமல் ஓடவிடுவதும், டீசல் டாங்குக்குக் கீழே ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சூடேற்றுவதும் அங்கே நெடுநாள் பழக்கம். டீசல் உறைவதற்கு 2019-இல் ஒரு தீர்வு வந்தது. மைனஸ் 33 டிகிரியிலும் ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று அறிமுகப்படுத்தியது. எண்ணெய் உறையாவிட்டாலும் எஞ்சினைச் சுற்றிவிட ஸ்டார்ட்டர் வேண்டும். சமவெளிக்குப் போதுமானதாக இருந்த கேபிள் அந்த உயரத்தில் போதாது. கணக்கில் வரும் அளவைவிட ஒரு படி பெரியதைப் போடுவதுதான் மலைப்பாதைக்குப் புத்திசாலித்தனம்.

வெயிலில் கதை தலைகீழ். எஞ்சின் அறைக்குள் 80 டிகிரி சூடு என்றால், செம்பின் மின்தடை 20 டிகிரியில் இருந்ததைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடியிருக்கும். கேபிளின் மேலுறையான பிவிசியும் இளக ஆரம்பிக்கும். சைலன்சர் குழாயை உரசிக்கொண்டு போகும் கேபிளுக்கு எந்தப் பருமனும் பாதுகாப்பில்லை. வாகனங்களுக்கான கேபிளுக்கென்றே ஐ.எஸ். 2465 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. வீட்டு வயரிங் கேபிளையும் வெல்டிங் கேபிளையும் எஞ்சின் பக்கத்தில் ஓட்டிவிடுவதற்கு எந்தத் தர நிர்ணயத்திலும் இடமில்லை.

புதிய வண்டிகளில் பிரச்சினை இன்னும் நுட்பமானது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதிகள் அமலுக்கு வந்தன. இந்த வண்டிகளில் டீசல் எஞ்சினின் மூளை ஒரு மின்னணுப் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய லாரி மெதுவாகச் சுற்றினாலும் இருமிக்கொண்டு கிளம்பிவிடும். புதிய எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றி எரிபொருள் அழுத்தம் ஏறினால்தான் டீசலைப் பீய்ச்சும். வோல்ட் ஒரேயடியாகச் சரிந்தால் மின்னணுப் பெட்டி அணைந்து மறுபடி விழிக்கும். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று வண்டி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துச் செல்லப்படும்.

சிவப்பு உறைக்குள் வெள்ளை உலோகம்

கணக்குப் போட்டு 35 ஸ்கொயர் என்று கேட்டு வாங்கியவரும் தப்பித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. தில்லி காஷ்மீரி கேட் முதல் சிறிய ஊரின் பைபாஸ் கடை வரை உதிரி பாகச் சந்தையில் இரண்டு வகை ஏமாற்று உண்டு. முதலாவது, தடித்த பிவிசி உறைக்குள் மெலிந்த செம்பு. வெளியே பார்த்தால் 35, உள்ளே இருப்பது 16 அல்லது 25. இரண்டாவது இன்னும் நாசூக்கானது. உள்ளே இருப்பது செம்பே இல்லை. அலுமினிய இழையின் மேல் செம்பு முலாம்.

காரணம் விலை. லண்டன் உலோகச் சந்தையில் 2024 மே மாதம் செம்பு டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அலுமினியம் அப்போது அதில் ஏறக்குறைய கால் பங்கு. அலுமினியம் எடையிலும் செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், ஒரே பருமனுள்ள கேபிளில் விலை வித்தியாசம் பத்து மடங்குக்கு மேல் போகும். 2018 மே மாதம் தூத்துக்குடி உருக்காலை மூடப்பட்ட பிறகு, அதுவரை செம்பை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா இறக்குமதி செய்யும் நாடாக மாறியதும் தெரிந்த கதை. செம்பு விலை ஏற ஏற முலாம் பூசியதற்கு மவுசும் ஏறுகிறது.

முலாம் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது என்பதில்லை. அதே பருமனுள்ள செம்பைவிட ஒன்றரை மடங்கு தடுக்கும், அவ்வளவுதான். 35 என்று வாங்கியது 23 போல வேலை செய்யும். ஆனால், அலுமினிய இழை திரும்பத் திரும்ப அதிர்ந்தால் சீக்கிரம் முறியும். பேட்டரி அமிலத்தின் ஆவி பட்டால் சீக்கிரம் அரித்துப்போகும். இறுக்கிய இடத்தில் நாளாவட்டத்தில் நெகிழ்ந்து தளரும். அதிர்வும் அமிலமும் இறுக்கமும்தான் பேட்டரி கேபிளின் அன்றாட வாழ்க்கை. கார் ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர்களோடு பளபளப்பான உறையில் '4 கேஜ்', '0 கேஜ்' என்று அச்சிட்டு விற்கப்படும் மலிவு விலைக் கேபிள்களில் கணிசமானவை இந்த ரகம்தான். கேஜ் என்ற அளவே குழப்பமானது. எண் கூடக் கூடப் பருமன் குறையும். அமெரிக்க 4 கேஜ் என்பது 21 சதுர மி.மீ., பழைய பிரிட்டிஷ் 4 கேஜ் என்பது 27. சதுர மில்லிமீட்டரில் கேட்பதே உத்தமம்.

ஏமாற்றைக் கண்டுபிடிக்கத் தராசும் பிளேடும் போதும். இழையைப் பிளேடால் சுரண்டினால் செம்பு உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும், முலாம் என்றால் வெள்ளை தெரியும். இழையின் பருமன் 0.4 மி.மீ. என்றால் எட்டு இழை சேர்ந்து ஒரு சதுர மி.மீ. ஆகும். ஆகவே 35 ஸ்கொயர் கேபிளில் சுமார் 276 இழைகள் இருக்க வேண்டும். எண்ணுவதற்குப் பொறுமை இல்லாதவர்கள் நிறுத்துப் பார்க்கலாம். ஒரு மீட்டர் 35 ஸ்கொயர் கேபிளில் செம்பு மட்டுமே 310 கிராம் இருக்கும், உறையின் எடை தனி. அந்த எடையைச் செம்பின் சந்தை விலையால் பெருக்கினால் இன்னொரு உண்மை தெரியும். டன் 10,000 டாலர் விற்ற 2024 மே மாதத்தில் அந்தச் செம்பின் மதிப்பு மட்டுமே 250 ரூபாய்க்கு மேல். அதே மாதம் மீட்டர் 150 ரூபாய்க்கு '35 ஸ்கொயர்' கொடுத்திருந்தால், அந்தக் கடைக்காரர் தர்மம் செய்யவில்லை.

பாடி கட்டும் இடத்தில்

தொழிற்சாலையில் கேபிளைக் கணக்குப் பார்த்தே போடுகிறார்கள். ஆனால், இந்தியாவில் லாரிகளும் பஸ்களும் பெருமளவில் வெறும் சேசிஸாகத்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன. நாமக்கல்லிலோ பஞ்சாபின் சிர்ஹிந்திலோ லாரிக்குப் பாடி கட்டப்படுகிறது. பஸ் பாடிக்குக் கரூர் பெயர்போனது. பெட்டி வைக்க இடம் வேண்டும், டூல் பாக்ஸுக்கு இடம் வேண்டும், படி எங்கே வருவது என்றெல்லாம் பார்த்து பாடி கட்டும்போது பேட்டரிப் பெட்டி இடம் மாறுவதுண்டு. அப்போது பழைய கேபிள் எட்டாது. புதிய நீளத்துக்குப் புதிய பருமனில் ஒரே கேபிளாகப் போடுவதுதான் முறை. நடப்பதோ வேறு. கையில் கிடைத்த துண்டை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி விடுகிறார்கள்.

நீளம் இரண்டு மடங்கானால் பருமனும் இரண்டு மடங்காக வேண்டும். முன்பு சொன்ன பிக்அப்பில் பேட்டரியைப் பின்பக்கம் தள்ளி மொத்த நீளம் 7 மீட்டர் ஆனதாக வைத்துக்கொண்டால், 35 ஸ்கொயர் இருந்த இடத்தில் 70 ஸ்கொயர் தேவைப்படும். இந்தக் கணக்கைப் போடாமலே வண்டி கிளம்பிவிடும் என்பதுதான் தொல்லை. புது பேட்டரி, புது ஸ்டார்ட்டர், வெயில் காலம். மூன்றில் ஒன்று போனதும் கணக்கு தானாக வெளியே வரும்.

பாடி கட்டும் இடத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. ஏசி, கூடுதல் விளக்கு, டிவி, ஒவ்வொரு இருக்கைக்கும் செல்போன் சார்ஜர் என்று பஸ்ஸின் மின்பசி பெருகிவிட்டது. லாரியும் விலக்கல்ல. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். ஸ்டார்ட்டர் கேபிளுக்கும் இந்தக் கேபிள்களுக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்டார்ட்டர் இழுப்பது சில விநாடிகள். அங்கே பயப்பட வேண்டியது வோல்ட் இழப்புக்கு. ஏசி மின்விசிறிகள் பல பத்து ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். அங்கே பயப்பட வேண்டியது சூட்டுக்கு. மின்சாரம் இரண்டு மடங்கானால் கேபிளின் சூடு நான்கு மடங்காகும். மற்ற கம்பிகளோடு கட்டாகக் கட்டி, தெர்மோகோலுக்கும் ரெக்சினுக்கும் பின்னால் ஒளித்து வைத்த கேபிளுக்கு அந்தச் சூட்டை வெளியேற்ற வழியும் இருக்காது.

2025 அக்டோபர் 14 அன்று ஜெய்சால்மரிலிருந்து ஜோத்பூருக்குக் கிளம்பிய தனியார் பஸ் நடுவழியில் தீப்பற்றி எரிந்தது. 20-க்கும் மேற்பட்ட பயணிகள் உயிரிழந்தார்கள். முதல்கட்ட விசாரணையில் சந்தேகம் விழுந்தது ஏசியின் மின் இணைப்பின் மீது. பஸ்ஸுக்குள் மறைத்து ஓட்டப்படும் ஒவ்வொரு கேபிளும் பயணிகளின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை.

இங்கேதான் ஃபியூஸின் வேலை வருகிறது. ஃபியூஸ் என்பது ஏசியையோ ஆம்பிளிஃபயரையோ காப்பாற்ற வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது கேபிளை. ஆகவே அதன் அளவு கேபிளின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இடம் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆம்பிளிஃபயரின் வாசலில் ஃபியூஸ் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் கேபிள் நாதியற்றுக் கிடக்கும். ஸ்டார்ட்டர் கேபிளுக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. அது சேசிஸ் விளிம்பில் உரசி உறை கிழிந்தால், லாரி பேட்டரியால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்ட முடியும். பருமனான கேபிளும் அங்கே உதவாது. உறைக்கு மேல் குழாய், ஓட்டை வழியே போகும் இடத்தில் ரப்பர் வளையம், அங்கங்கே கிளாம்ப் ஆகியவையே காப்பு.

எட்டு முனைகள், ஒரு ரிக்‌ஷா

கேபிள் கணக்கு இன்று லாரிக்காரர்களின் கவலை மட்டுமல்ல. 2014 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் தடை செய்த இ-ரிக்‌ஷாக்கள், 2015-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வட இந்திய நகரங்களின் சந்துகளையெல்லாம் நிரப்பின. அவற்றில் பலவற்றின் இருக்கைக்கு அடியில் நான்கு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள், வரிசையாக இணைத்து 48 வோல்ட். பேட்டரி முனைகளில் மட்டும் எட்டு இணைப்புகள். சமதரையில் 20 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், நான்கு பயணிகளோடு மேம்பாலம் ஏறும்போது 50 வரை போகும்.

இதில் ஒரு முனை தளர்ந்து, ஓமில் நூறில் ஒரு பங்கு தடை சேர்ந்தால் போதும். 50 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடு கிளம்பும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னின் சக்தி அது. அதைப் பேட்டரி முனையில், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும் இடத்தில், பயணிகளின் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஓடுவதற்குச் சமம்.

முனையில் மாட்டும் லக்கை எப்படிப் பொருத்துகிறார்கள் என்பது கேபிளின் பருமனுக்குச் சற்றும் குறைந்த விஷயமல்ல. சுத்தியலால் தட்டி நசுக்குவது மலிவு. ஆனால், இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும், காற்றோடு அமில ஆவியும் புகும். ஈயம் ஊற்றுவது பார்க்க உறுதி. ஆனால், சூடேறினால் இளகும், ஈயம் ஊறிய இடத்தில் கேபிள் விறைத்து அதிர்வில் முறியும். அளவுக்கேற்ற அச்சு உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்துவதுதான் சரியான முறை. ஊருக்கு ஒரு கடையிலாவது அந்தக் கருவி இருக்கும். கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும்.

பருமன் அதிகமானால் ஆபத்தா என்ற கேள்விக்குப் பதில் எளிது. மின்சாரத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. பர்ஸுக்கும் பேட்டரி முனைக்கும்தான் சிரமம். விறைப்பான கனத்த கேபிள் அதிர்வில் பேட்டரி முனையையே ஆட்டும். எனவே கணக்குக்கு ஒரு படி மேல் போதும், மூன்று படி தேவையில்லை.

பேட்டரியை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, கம்பத்தில்), மறுமுனையைக் கேபிள் வந்து சேரும் ஸ்டார்ட்டர் போல்ட்டிலும் வைத்து, மற்றொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். மீட்டர் காட்டுவதுதான் பிளஸ் வழியின் இழப்பு.

அதேபோல மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டை, 24 வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வழியில் கோளாறு.

கிளாம்பில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவத்தைச் சுடுநீரால் கழுவி, முனையைச் சுரண்டி, இறுக்கி, வாஸ்லின் தடவியபின் மறுபடி அளக்க வேண்டும். பாதிக் கோளாறுகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் இழப்பு குறையாவிட்டால், செல்ஃப் அடித்தவுடன் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கேபிளைத் தடவிப் பார்க்க வேண்டும். முனை மட்டும் சுட்டால் லக் சரியில்லை. முழு நீளமும் சுட்டால் பருமன் போதவில்லை.

புதுக் கேபிள் வாங்கினால் பிளஸ், மைனஸ், நடு இணைப்பு மூன்றையும் ஒரே பருமனில் வாங்க வேண்டும். எர்த் போல்ட் இறுகும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி உலோகம் தெரியச் செய்ய வேண்டும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

இத்தனைக்கும் ஆகும் நேரம் அரை மணி. மல்டிமீட்டரின் விலை சில நூறு ரூபாய். ஆனால், பேட்டரிக்கு விளம்பரம் இருக்கிறது, கியாரண்டி கார்டு இருக்கிறது, பழையதைக் கொடுத்தால் தள்ளுபடியும் இருக்கிறது. கேபிளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசாததற்கும், அது கெட்டதற்குப் பேட்டரி தண்டனை அனுபவிப்பதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.